ஆவணி மாதப் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள்

'நம்ம ஊர்த் தோட்டத்துக் காய், வாராவாரம் வீட்டு வாசலில்' என்று சந்தா கேட்டு வரும் வாட்ஸ்அப் செய்தியோடு ஒரு படமும் வரும். ஆரஞ்சு நிறத்தில் கேரட், பச்சைப் பசேலென்று பீன்ஸ், பக்கத்தில் முட்டைக்கோஸ். இராமநாதபுரம் கரையோரத்தில் இருப்பவர்கள் அந்தப் படத்திலேயே பாதி முடிவை எடுத்துவிடலாம். கேரட்டும் பீன்ஸும் குளிரை விரும்புகிறவை, உப்பையோ கொஞ்சமும் தாங்காதவை. வெங்காயமும் உப்பு விஷயத்தில் அந்தக் கட்சிதான். பீட்ரூட் ஓரளவு தாங்கும். கிணற்றில் சவர்த் தண்ணீர் ஊறும் கரையில், வெயில் கொளுத்தும் மணலில், வருஷம் முழுக்கக் கேரட் விளைந்ததாக யாராவது சொன்னால் அது ஒட்டன்சத்திரத்திலோ மதுரை மாட்டுத்தாவணியிலோ லோடு ஏறிய கேரட்தான். விற்பதில் தப்பில்லை. 'நம்ம தோட்டம்' என்று சொல்லி விற்பதுதான் கோளாறு.

இந்தப் பக்கத்துக்குச் சரியான காய்கறிச் சந்தாவை எப்படித் தேர்வு செய்வது, எதை நம்பிப் பணம் கட்டலாம், எந்த வகைச் சேவை எந்த ஊருக்குப் பொருந்தும் என்பதுதான் இந்த மதிப்பீடு. கடைப் பெயர்கள் இதில் இல்லை. ஒரே நடத்துநரின் பெட்டியே தை மாதம் ஒரு தினுசாகவும் ஆவணியில் வேறு தினுசாகவும் இருக்கும் மாவட்டம் இது. பெயரைப் பார்த்து மதிப்பெண் போட்டால் ஆறு மாதத்தில் பொய்த்துவிடும்.

சேவைகள் பொதுவாக மூன்று வகை. முதலாவது, ஒரே தோட்டக்காரர் தன் நிலத்தில் விளைவதை மட்டும் பறித்துக் கொடுப்பது. உச்சிப்புளி, பெருங்குளம் பக்கத்து மணற்பாங்கான கிணற்றுத் தோட்டங்களுக்கு ஏற்ற முறை. காய் புதிதாக இருக்கும், வகை குறைவாக இருக்கும். மூன்று வாரம் தொடர்ந்து கத்தரிக்காய் வந்தால் கோபப்படக் கூடாது. இரண்டாவது, பத்து இருபது விவசாயிகள் சேர்ந்த குழுவோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ நடத்துவது. திருவாடானைப் பக்கத்து அரிசி, கமுதி, முதுகுளத்தூர் கரிசல் காட்டுச் சிறுதானியம், கரையோரத் தேங்காய், கிணற்றுப் பாசனக் காய் எல்லாம் ஒரே பெட்டியில் சேர்வது இதில்தான். பறிப்புக்கும் வீட்டுக்கும் நடுவே ஒருநாள் கூடுதலாகும். மூன்றாவது, மதுரை மண்டியில் கொள்முதல் செய்து அழகாகப் பொட்டலம் கட்டி வீடுவீடாகப் போடுவது. இதைப் பண்ணைப் பெட்டி என்று சொல்லத் தேவையில்லை. நல்ல காய்கறிக் கடை, வாசலுக்கு வருகிறது, அவ்வளவுதான். அந்த வசதிக்கு அந்த விலை சரியென்று பட்டால் வாங்கலாம்.

எங்கள் ஓட்டு இரண்டாவதுக்கு, ஒரு நிபந்தனையோடு: எந்தக் காய் எந்த ஊரிலிருந்து வந்தது என்று பெட்டிக்குள் ஒரு சீட்டு இருக்க வேண்டும். வெளியூர்க் காய் இருந்தால் 'வெளியூர்' என்றே எழுதியிருக்க வேண்டும்.

சரி, ஏன் ஆவணி?

இங்கே மழை என்றால் வடகிழக்குப் பருவமழைதான். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிறைந்தால் அதை வைத்துத்தான் தை, மாசி அறுவடை. வைகை கடைசியாக எட்டிப் பார்க்கும் மாவட்டம் என்பதால் ஆற்றை நம்பி வெயில் காலத்தில் காய் போட முடியாது. எனவே தோட்டத்தின் வளம் மழையைத் தொடர்ந்து ஏறி இறங்கும். மார்கழியிலிருந்து பங்குனி வரை பெட்டி வழியும்: கத்தரி, வெண்டை, தக்காளி, அவரை, முள்ளங்கி, கீரை, கூடவே பொங்கலையொட்டிப் பனங்கிழங்கு. சித்திரையிலிருந்து ஆனி வரை வெயிலைத் தாங்குபவை மட்டும் நிற்கும்: சீனியவரை, வெள்ளரிப்பிஞ்சு, பூசணி, முருங்கை, நுங்கு. ஆடி, ஆவணி, புரட்டாசியில் கிணறு அடியைத் தொட்டிருக்கும், ஊறும் தண்ணீரில் உப்பும் கூடியிருக்கும். அப்போது ஒரு கரையோரத் தோட்டம் நேர்மையாகக் கொடுக்கக்கூடியது முருங்கைக்கீரை, கொஞ்சம் தண்டுக்கீரை, தேங்காய், எடுத்துவைத்த பூசணி, பனம்பழம். அதோடு வற்றல்: மிதுக்கு வற்றல், சீனியவரை வற்றல், முண்டு மிளகாய். நல்ல நடத்துநர் அந்த மாதங்களில் பெட்டியைச் சின்னதாக்கி விலையையும் குறைப்பார், அல்லது அரிசி, குதிரைவாலி, கருப்பட்டியை வைத்துச் சரிக்கட்டுவார். ஆவணியிலும் பத்து வகைக் காய், அதே எடை, அதே விலை என்றால் அது மூன்றாவது வகைக்காரரே, பெயர்ப் பலகையில் என்ன எழுதியிருந்தாலும்.

அதனால் சந்தா சேர நல்ல மாதம் தை அல்ல. தையில் எவர் பெட்டியும் அழகாகத்தான் இருக்கும். ஆடியிலோ ஆவணியிலோ நான்கு வாரம் மட்டும் வாங்கிப் பாருங்கள். அது முடியாவிட்டால் போன வருஷம் ஆவணியில் என்னென்ன போட்டார்கள் என்ற பட்டியலைக் கேளுங்கள். வாரச் சீட்டு எழுதும் பழக்கம் உள்ளவர் இரண்டு நிமிடத்தில் போட்டோ அனுப்பிவிடுவார்.

எடையில் நடக்கும் வித்தை

ஐந்து கிலோ பெட்டி என்பார்கள். வீட்டில் தராசில் வைத்தால் ஐந்து கிலோவே இருக்கும். பிரித்துப் பாருங்கள்: பூசணிக்கீற்று ஒன்றரைக் கிலோ, சுரைக்காய் ஒரு கிலோ, தேங்காய் இரண்டு சேர்ந்து கிட்டத்தட்ட ஒரு கிலோ, வாழைத்தண்டு அரைக் கிலோ. மிச்சம் ஒரு கிலோதான் நீங்கள் நினைத்து வாங்கிய காய். இந்த நான்கும் கெட்ட பொருள்கள் இல்லை, எடையை மலிவாக நிரப்பும் பொருள்கள். தேங்காயை எண்ணிக்கையில்தான் கணக்கிட வேண்டும், எடையில் சேர்க்கக் கூடாது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஒரு பெட்டியில் ஒரே காய் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது நியாயமான வரம்பு.

விலையை ஒப்பிட உழவர் சந்தைப் பலகையே போதும். 1999-ல் மதுரை அண்ணா நகரில் தொடங்கிய திட்டம் இது. இராமநாதபுரத்திலும் பரமக்குடியிலும் சந்தை இருக்கிறது. மொத்த விலைக்குக் கொஞ்சம் மேலே, சில்லறை விலைக்குக் கீழே இருக்கும்படி தினமும் விலை எழுதிப் போடுவார்கள். பெட்டியில் வந்ததை வகைவாரியாக எடை போட்டு, அன்றைய பலகை விலையால் பெருக்கிக் கூட்டுங்கள். நான்கு வாரம் செய்தால் போதும். பெட்டி விலை அந்தத் தொகையைவிட நான்கில் ஒரு பங்கு அதிகம் என்றால், வண்டிச் செலவும் தரம் பிரிக்கும் கூலியும் சேர்த்துச் சரிதான். ஒன்றரை மடங்கைத் தாண்டினால் காரணம் கேட்க வேண்டும். இயற்கை விவசாயம் என்பது ஒரு காரணம்தான், ஆனால் அதற்குச் சான்று இருக்க வேண்டும். சான்றைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

எவ்வளவு பெட்டி வாங்குவது? தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி, கீரை உட்பட ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காய் என்கிறது. நான்கு பேருக்கு வாரம் 11 கிலோவுக்கு மேல் வரும். வாரத்தில் நாலைந்து நாள் மீன் குழம்பு கொதிக்கும் கரையோர வீட்டில் அவ்வளவு செலவாகாது. ஐந்தாறு கிலோவில் தொடங்குங்கள், வாரம் ஒருமுறை ஆறு கிலோவாக அல்லாமல் இரண்டு முறை மூன்று கிலோவாக. இந்த வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் கீரை மூன்றாம் நாள் தாங்காது.

ஒன்றைச் சந்தா எடுப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, மீன் விலை ஏறும், வீட்டில் காய்த் தேவை கூடும். தோட்டம் வறளத் தொடங்கும் நேரமும் அதுவே. எல்லாரும் பெரிய பெட்டி கேட்பார்கள், எல்லாருக்கும் இருக்காது. பங்குனியிலேயே 'தடைக்காலத்தில் எத்தனை வீட்டுக்கு உங்களால் கொடுக்க முடியும், பழைய சந்தாக்காரருக்கு முன்னுரிமை உண்டா' என்று கேட்டு வையுங்கள். நோன்பு மாதத்தில் கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி வீடுகளுக்குத் தேவையே வேறு: சின்ன வெங்காயம், புதினா, மல்லித்தழை, எலுமிச்சை. பெட்டியை மாற்றிக்கொடுக்கவோ ஒரு மாதம் நிறுத்திவைக்கவோ வழியில்லாத சந்தா இந்த ஊர்களுக்கு உதவாது.

பெட்டி வந்ததும்

மூடியே வைக்காதீர்கள். ஒரு மணி நேரத்துக்குள் பிரித்துப் பரப்புங்கள். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பது பாட்டி காலத்துச் சோதனை, இன்றைக்கும் அதைவிட நல்லது இல்லை. டப்பென்று ஒடியாமல் வளைந்தால் அது செடியிலேயே முற்றிப்போனது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டிய காயை நாலைந்து நாள் விட்டால் இப்படி ஆகும், அதாவது பெட்டி போடும் நாளுக்காகக் காத்திருந்து பறித்திருக்கிறார்கள். வாரம் ஒரே நாள் டெலிவரி வைத்திருப்பவர்களிடம் இந்தக் கோளாறு அடிக்கடி வரும். சீனியவரையும் அதே மாதிரிதான், நார் விட்டுவிடும். கத்தரியின் காம்பு பச்சையாக முள் குத்தும்படி இருக்க வேண்டும். பழுப்பேறிச் சுருங்கிய காம்பு என்றால் இரண்டு மூன்று நாள் கடந்த சரக்கு.

கீரைக்கட்டில் இலை ஓரம் மட்டும் கருகியிருந்தால் நோய் என்று பயப்பட வேண்டாம், அது உப்புத் தண்ணீரின் வேலை. தின்னலாம். ஆனால் கோடையில் ஒவ்வொரு வாரமும் அப்படியே வந்தால் தோட்டத்துக் கிணறு மோசமாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள், அடுத்த மாதம் காய் குறையும். தக்காளியின் அடிப்பக்கம் கறுத்துத் தோல் மாதிரி ஆகியிருப்பதும் உப்பும் ஒழுங்கில்லாத தண்ணீர்ப் பாய்ச்சலும் சேர்ந்து வருவது. சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராமல் போய்விடுகிறது. கறுத்ததை வெட்டிவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தலாம், அதற்கு விலைக் கழிவும் கேட்கலாம். வெள்ளரிப்பிஞ்சு கசந்தால் செடி தாகத்தில் இருந்தது. தேங்காய் மட்டையில் பழுப்புத் தழும்பு இருந்தால் ஈரியோபைட் சிலந்தியின் கைவரிசை. காய் சிறுக்கும், பருப்புக்கு ஒன்றும் ஆகாது. சிறுத்த காய்க்கு முழு விலை கொடுக்கத் தேவையில்லை.

காயெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்து வந்தால் சந்தோஷப்படாதீர்கள். வாடலை மறைக்கத் தண்ணீர் தெளித்திருப்பார்கள். மூடிய பெட்டியில் அந்த ஈரமும் வெயிலும் சேர்ந்தால் வெண்டை கறுக்கும், கீரை வழவழக்கும். கீரையை ஈரச்சாக்கிலோ வாழை இலையிலோ தனியாகச் சுற்றி, வேர் மண்ணோடு கொடுப்பவரே தொழில் தெரிந்தவர். தக்காளி எப்போதும் மேலே இருக்க வேண்டும். பழுத்த வாழைப்பழத்தைக் கீரையோடு ஒரே பெட்டியில் வைத்தால் பழத்திலிருந்து வரும் வாயுவே கீரையை மஞ்சளாக்கிவிடும். பனையோலைக் கொட்டானில் போட்டுக் கொடுப்பவர்களை அழகுக்காகச் செய்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். காற்றுப் போகும், வேர்க்காது, இந்த மண்ணின் சாமான்.

'எங்களிடம் குளிர்வண்டி இருக்கிறது' என்பது கேட்கப் பெரிதாக இருக்கும். கத்தரி, வெண்டை, வெள்ளரி மூன்றும் 7 டிகிரிக்குக் கீழே கெடுகிறவை. தோலில் பள்ளம் விழும், விதை கறுக்கும். பிரிட்ஜில் வைப்பதானால் கீழ்த்தட்டில், துணிப்பையில். இந்தக் காய்களுக்குக் குளிர்வண்டியைவிட அதிகாலைப் பறிப்பே முக்கியம். ஐந்து, ஆறு மணிக்குப் பறித்துப் பத்து மணிக்கு முன் வாசலுக்கு வந்தால் போதும்.

அதலைக்காய்க்கு மட்டும் தனிச் சட்டம். யாரும் விதைப்பதில்லை. கரிசல் காட்டில் மழை விழுந்ததும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கிலிருந்து தானே கொடி ஓடும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெட்டியில் வந்தால் அந்த நடத்துநரிடம் காட்டோடு தொடர்பு இருக்கிறது என்று நம்பலாம். ஆனால் பறித்த மறுநாளே வெடித்து விதை சிதறத் தொடங்கும் காய் அது. வந்த அன்றே வதக்கிவிடுங்கள், இல்லையேல் உடனே குளிரில் வையுங்கள். வெடித்துவிட்டது என்று புகார் அனுப்புவது நியாயமில்லை.

இயற்கைக் காய் என்றால்

சான்று இரண்டு வகை. மூன்றாம் தரப்பு வந்து ஆய்வு செய்து தருவது ஒன்று. அதைத் தமிழ்நாட்டில் அரசின் விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறையும் செய்கிறது. விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவரையொருவர் சரிபார்க்கும் பி.ஜி.எஸ். முறை இன்னொன்று. பி.ஜி.எஸ். கிரீன் என்றால் இயற்கை முறைக்கு இன்னும் மாறிக்கொண்டிருக்கும் நிலம், பி.ஜி.எஸ். ஆர்கானிக் என்றால் மாறி முடிந்த நிலம். இரண்டுக்கும் ஒரே விலை வாங்கினால் கேளுங்கள். ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாயைத் தாண்டாத சின்ன விவசாயி தானே நேரில் விற்றால் சான்று கட்டாயமில்லை, ஆனால் சான்று பெற்ற இயற்கை விளைபொருளுக்கான ஜைவிக் பாரத் முத்திரையைப் போட்டுக்கொள்ள முடியாது. சான்றில்லாத சின்னத் தோட்டக்காரரை அதனால் மட்டும் தள்ளிவிட வேண்டாம். சான்றில்லாமல் முத்திரை ஒட்டுபவரை யோசிக்காமல் தள்ளலாம்.

காகிதத்தைவிட ஒரு கேள்வி வேகமாக வேலை செய்யும்: 'கத்தரியில் தண்டு துளைப்பானுக்கு என்ன செய்கிறீர்கள்?' உண்மையிலேயே வயலில் நிற்பவர், வாடிய நுனியைக் கிள்ளி அழிப்பது, இனக்கவர்ச்சிப் பொறி கட்டுவது, 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ வேப்பங்கொட்டையை இடித்து இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி அடிப்பது என்று கையோடு சொல்வார். காய் கொஞ்சம் சொத்தை விழத்தான் செய்யும் என்றும் ஒப்புக்கொள்வார். வியாபாரி 'முழுக்க முழுக்க ஆர்கானிக் சார்' என்பார். கிலோவுக்கு ஒன்றிரண்டு சொத்தை இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். மாதக்கணக்கில் ஒரு ஓட்டைகூட இல்லாத 'இயற்கை' கத்தரிதான் சந்தேகத்துக்குரியது.

பெட்டியோடு சேர்த்து விற்கும் சாமான்களில் மூன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். முண்டு மிளகாய் 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. அறுவடை மாசியில் தொடங்கும். வருஷத்துக்கு வேண்டியதை மாசியிலிருந்து சித்திரைக்குள் ஒரே தடவையாக வாங்குவது லாபம், மாதா மாதம் நூறு கிராம் பொட்டலத்தில் வாங்குவது வீண். உருண்டையாக, காம்போடு, குலுக்கினால் விதை ஆடும்படி காய்ந்திருக்க வேண்டும். வெளுத்துப்போன சண்டு வற்றல் கலந்திருந்தால் விலை வேறு. கருப்பட்டி பதநீர்க் காலத்துச் சரக்கு. ஐப்பசியில் கேட்டால் கிடைப்பது இருப்புதான், அதில் தப்பில்லை. ஆனால் கார்த்திகை ஈரக்காற்றில் கொஞ்சமும் பிசுபிசுக்காமல், உடைத்தால் உள்ளே சீனிப்பரல் மாதிரி மினுங்கினால் வெள்ளைச் சீனி கலந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். சித்திரைக்கார் அரிசியைக் குறைந்த அளவில் வாங்குங்கள், தவிடு நீக்காத சிவப்பரிசியில் வண்டு சீக்கிரம் விழும்.

ஊர் வாரியாகச் சொன்னால், இராமநாதபுரம் நகரத்தில் இருப்பவர்களுக்கு முழுப்பெட்டி தேவையில்லை. உழவர் சந்தை பக்கத்தில் இருக்கும்போது கீரை, வெண்டை மட்டும் வாரம் இரண்டு தடவை வரும் சின்னச் சந்தா போதும். கீழக்கரை, உச்சிப்புளி வீடுகளுக்கு ஒரே தோட்டக்காரர் முறை நன்றாக ஒத்துவரும், தூரம் குறைவு. இராமேசுவரம் தீவுக்கு இராமநாதபுரத்திலிருந்து 55 கிலோமீட்டர் வண்டி ஓட வேண்டும். காற்று மழை எச்சரிக்கை வரும் நாளில் வண்டி பாம்பனைத் தாண்டாமலும் போகலாம். அங்கே குழுப் பெட்டியில் பூசணி, முருங்கை, வாழைக்காய், கத்தரி மாதிரி தாங்கும் காய்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு, கீரையைத் தீவுக்குள்ளேயே பார்த்துக்கொள்வது நல்லது. புயல் நாளில் பெட்டி வராவிட்டால் பணம் அடுத்த வாரக் கணக்கில் சேருமா, திரும்ப வருமா என்பதை எழுத்தில் வாங்கிவையுங்கள்.

ஆண்டுச் சந்தா வேண்டாம், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் சரி. மாதச் சந்தா, அதிகம் போனால் மூன்று மாதம். கெட்ட காய்க்கு அன்று மாலைக்குள் போட்டோ அனுப்பினால் மாற்று அல்லது கழிவு, வாரம் தவிர்க்க இரண்டு நாள் முன்னறிவிப்பு, பிளாஸ்டிக் கிரேட்டுக்கு முன்பணம் வாங்கினால் அதற்கு ரசீது. இந்த மூன்றும் பேசிமுடித்த பிறகே பணம் அனுப்புங்கள். யு.பி.ஐ. ஆட்டோபே போட்டுவிட்டால் சந்தாவை நிறுத்துவதாக அவர்களுக்குச் செய்தி அனுப்புவதோடு விட்டுவிடக் கூடாது. உங்கள் யு.பி.ஐ. செயலிக்குள் போய், தானாகப் பணம் பிடிக்கக் கொடுத்த அந்த அனுமதியை (மேண்டேட்) நீங்களே ரத்து செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பெட்டி நின்ற பிறகும் பணம் பிடித்துக்கொண்டிருக்கும்.